ஒரு பொத்தான் பாக்கி

இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. சந்திரிகா ஏமாற்றவும் இல்லை, ஓடவும் இல்லை. ஓடிப்போகிறவள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒன்பதாம் மாடி நடைவழி முழுக்க ஆள் நின்று துணி காயப்போடுகிற நேரத்தில், செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டா போவாள்? லிப்ட் வாசலில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

"சிநேகிதிகிட்ட பெட்டிய வாங்கிட்டு, காசு கட்டாம கம்பி நீட்டிட்டா" என்கிறாள் எதிர்வீட்டு நல்லம்மாள். அடுத்த நாள் அதே வாய், "அந்த வீட்டுச் சோத்தத் தின்னுத் தின்னு மதமே மாறிட்டாளாம்" என்கிறது. அதற்கும் அடுத்த நாள், எவனோ ஒருவனோடு கெடா மாநிலத்துக்குப் போய்விட்டாளாம். ஒருத்தி ஒரே நேரத்தில் எத்தனை காரியம்தான் செய்வாள், பாவம். கம்பி நீட்ட வேண்டும், மதம் மாற வேண்டும், கெடாவுக்கும் போக வேண்டும். இத்தனைக்கும் கம்பெனியில் லீவு கிடைக்க வேண்டாமா?

குயின் ஸ்ட்ரீட்டில் பூமாலைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறாள் அவள். காலையில் பழையபடி கம்பெனி பஸ் ஏறி, பாலம் தாண்டி, புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போகிறாள். சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தேநீர்கூடக் கொடுப்பாள். நல்லம்மாளுக்கும் கொடுப்பாள். அவள் அப்படித்தான்.

கடன்காரி என்ற பேர்தான் பொறுக்க முடியாதது. அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

சந்திரிகாவுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, செய்துகொள்ளவில்லை என்பதுதான் சரி. பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் கொடுத்து, பத்திரமாக வழியனுப்பி வைத்தவள். தம்பி லோகேஸ்வரன் குடும்பஸ்தனானதும் அவன் பிளாட்டிலேயே பின்னறையில் இருந்துகொண்டாள். தம்பி மகள் லோஷினியைத் தூக்கி வளர்த்தது அவள் இடுப்புதான். சம்பளம் வந்தால் கரண்டு பில் கட்டுவாள், பாசாருக்குப் போய்க் காய்கறி சாமான் வாங்குவாள், மிச்சத்தைத் தன் பாட்டுக்கு வைத்துக்கொள்வாள். நகை வாங்கவில்லை, நிலம் வாங்கவில்லை. என்ன வாங்குவது என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது, கம்பெனி விருந்தில் சலேஹா அக்கோர்டியன் வாசிக்கும் வரைக்கும்.

சலேஹா அதே கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்பவள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் வீடு. பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வயசும் ஒன்று, வாயும் ஒன்று. சின்ன வயசில் கல்யாண வீடுகளுக்குப் போய் வாசித்தவள் என்று சொல்லியிருக்கிறாள், சந்திரிகா நம்பியதில்லை. அன்றைக்கு மேடையில் அந்தப் பெட்டியை மார்பில் மாட்டிக்கொண்டு, வலது கை கட்டையில் ஓட, இடது கை பொத்தானில் தாளம் போட, நடுவில் துருத்தி விரிந்து சுருங்கி மூச்சுவிட்டபோது, சந்திரிகா கோழித் துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

விருந்து முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனாள். "நான் ஒரு தடவ மாட்டிப் பாக்கட்டா?"

மாட்டினாள். இழுத்தாள். கன்று போட்ட எருமை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சந்திரிகா கூச்சப்பட்டுக் கழற்றி வைக்கவில்லை. மறுபடி இழுத்தாள். மறுபடி எருமை. சிரித்தவர்கள் சிரித்து முடித்து வீட்டுக்குப் போனார்கள். இவள் போகவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து, பஸ்ஸில் வரும்போது சலேஹா தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "தோள் போச்சு சந்திரா. பாரம் தூக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். பெட்டிய வித்துடலாம்னு பாக்குறேன். ஆனா யாரு வாங்குவா?"

"நான் வாங்குறேன்."

"அடோய்! உனக்கு அதுல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவ எல்லாம் ஏற்கெனவே ஒண்ணு வச்சிருப்பா. தெரியாதவதானே வாங்கணும்?"

"காசு?"

"மொத்தமா இல்ல. மாசா மாசம் கட்டுறேன்."

"ஓடிட மாட்டியே?"

"உன் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு எங்கடி ஓடுறது? பாலத்துலேருந்து குதிக்கவா?"

அவ்வளவுதான் பேரம். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. மாதம் ஐம்பது வெள்ளி. சம்பளம் வந்த சனிக்கிழமை மத்தியானம், சலேஹா தொழுது முடித்த பிறகு, கையில் கொடுக்க வேண்டும். பெட்டியை முதல் நாளே எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் சலேஹா ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்தப் பாரு. வலது பக்கத்துக் கட்டை எல்லாம் இன்னையிலேருந்து உன்னுது. இடது பக்கத்துப் பொத்தான் இன்னும் என்னுது. பாதிக் காசு கட்டி முடிச்சப்புறம்தான் அதுல கை வைக்கணும். அதுக்கு முன்னாடி தொட்டே, விரல ஒடிச்சிருவேன்."

"வீட்டுல வச்சுத் தொட்டா உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ வாசிக்கிறப்பத் தெரியும். திருட்டுக் கை தடுமாறும்."

விளையாட்டுக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் சந்திரிகா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாங்காத பொருளைத் தொடுவதில்லை என்று இருந்துவிட்டாள். இடது கை துருத்தியை மட்டும் இழுக்கும். வலது கை மட்டும் பழகும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சலேஹா மீன்குழம்பும் சோறும் போட்டு, சாப்பிட்டு முடித்ததும் கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பாள். அந்த வீட்டுச் சோறு என்று நல்லம்மாள் சொல்வது இந்தச் சோற்றைத்தான்.

பிளாட்டில் பழகுவதுதான் பெரும்பாடு. தம்பி மனைவி சுபாஷினிக்குத் தலைவலி வந்துவிடும். கெட்டவள் இல்லை சுபாஷினி; எருமைச் சத்தத்தை எத்தனை நாள்தான் சகிப்பாள்? "அண்ணி, சீரியல் ஓடுது" என்பாள் மெதுவாக. சந்திரிகா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவாள். எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவில், குப்பை போடும் திறப்புக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாசிப்பாள். குப்பை கொட்ட வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவதா காதைப் பொத்துவதா என்று தெரியாமல் நிற்பார்கள். "என்ன சந்திரிகா, மாப்பிள்ளைய மயக்கப் பாக்குறியா?" என்று நல்லம்மாள் கேட்பாள். "ஆமாக்கா, மொத ஆளா நீங்கதான் மயங்கி நிக்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டே இவள் அடுத்த கட்டையை அழுத்துவாள்.

எருமை நாளாக நாளாக ஆடாயிற்று. ஆடு குழந்தையாயிற்று. பிறகு ஒரு நாள் பத்தாம் மாடிச் சீனத் தாத்தா முக்காலி எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சீனம் தெரியாது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சந்திரிகா அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

பாதிக் காசு கட்டிய சனிக்கிழமை, சலேஹா அவள் இடது கையைப் பிடித்துப் பொத்தான்கள் மேல் வைத்தாள். "இந்தா. இனி இதுவும் உனக்கு." இரண்டு கையும் சேர்ந்து முதல் முறை ஒலித்தபோது சந்திரிகாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. சலேஹா பார்க்காதது போல எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்துதான் அந்த மெட்டைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவர்கள் பக்கத்துக் கல்யாணங்களில், மாப்பிள்ளை வாசலுக்கு வந்து சேரும்போது வாசிக்கிற மெட்டு. நிமிர்ந்து நடக்கிற மெட்டு அது. குனிந்துகொண்டு அதை வாசிக்கவே முடியாது.

கடைசித் தவணை நாளும் வந்தது. சந்திரிகா ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினாள். சலேஹா வாங்கிக்கொண்டு, உள்ளே போய், ஒரு வெள்ளி கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

"எங்க அத்தா மார்க்கெட் ஸ்ட்ரீட்டுல மாசத் தவணைக்குத் துணி வித்தவரு. யாருகிட்டயும் கடைசி ஒரு வெள்ளிய வாங்க மாட்டாரு. கணக்க அடைச்சுட்டா அந்தப் பொம்பளைங்க அடுத்த மாசம் எதுக்குக் கடைக்கு வருவாங்க, எதுக்கு உக்காந்து பேசுவாங்கம்பாரு. பாக்கி இருக்கணும் சந்திரா. இல்லன்னா நீ சனிக்கிழம வர மாட்டே."

"நான் வராம எங்க போறேன்? கொடுத்துத் தொலைக்கிறேன், வாங்கிக்கடி."

"மாட்டேன். அந்த ஒரு வெள்ளிக்கு ஒரு பொத்தான் என்னுது." கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற சிவப்பு நாடாவை வட்டமாக வெட்டி, இடது பக்கத்தில் மூலையிலிருந்த கடைசிப் பொத்தான் மேல் ஒட்டினாள். "இது என்னுதாவே இருக்கட்டும். மத்தது எல்லாம் உன்னோடது."

அந்த மூலைப் பொத்தான் எந்தப் பாட்டுக்கும் அவ்வளவாகத் தேவைப்படாது. சந்திரிகாவும் அதைத் தொட்டதில்லை. இதுதான் அவள் பட்ட கடன். இவ்வளவுதான்.

இனி நல்லம்மாள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அவள் லிட்டில் இந்தியாவுக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போனவள், வழியில் சலேஹாவைப் பார்த்துவிட்டாள். ஆர்வம் தாங்கவில்லை. "எங்க சந்திரிகா பெட்டிக் காசெல்லாம் கட்டிட்டாளா?" என்று கேட்டிருக்கிறாள்.

சலேஹா சிரித்துக்கொண்டே, "எங்க கட்டுறா! பாக்கி நிக்குது. சாகுற வரைக்கும் நிக்கும்" என்றாளாம்.

சிநேகிதிகள் பேச்சு சிநேகிதிகளுக்குத்தான் புரியும். நல்லம்மாள் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு, வார்த்தையை மட்டும் மிளகாய்த்தூளோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். சாயந்திரத்துக்குள் ஒன்பதாம் மாடி முழுக்கக் காரம் பரவிவிட்டது. சந்திரிகா ஒரு ஏழைச் சிநேகிதியை ஏமாற்றிவிட்டாள். சாகும்வரை கட்டமாட்டாளாம்.

அது நல்ல நேரமும் இல்லை. லோஷினியைப் பெண் பார்க்க பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மாலை வருவதாக இருந்தது. லோகேஸ்வரன் பயந்த ஆள். மாப்பிள்ளை வீட்டார் லிப்டில் ஏறும்போதே யாராவது காதில் போட்டுவிட்டால்? அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சனிக்கிழமை அவள் ஓவர்டைம் வேலைக்குப் போயிருந்தபோது, கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை எடுத்துத் தன் காடியில் ஏற்றிக்கொண்டு சலேஹா வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டான்.

"அக்கா, எங்கக்கா கட்ட முடியாம வச்சிருந்தா மன்னிச்சுக்கங்க. உங்க சாமான நீங்களே வச்சுக்கங்க" என்று வாசலில் பெட்டியை இறக்கினான்.

சலேஹா பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "தம்பி, இதுல என்னுது ஒரே ஒரு பொத்தான். அத வேணும்னா கழட்டிக் குடுத்துட்டுப் போ. மிச்சம் எல்லாம் உங்கக்காது. அவளக் கேட்டியா?"

அவன் பெட்டியின் வாரைச் சரிசெய்தான்.

"கேக்கல. சரி, தூக்கு. காடியில வை. நானும் வர்றேன்." அந்த ஒரு வெள்ளிக் கதையை வழியிலேயே அவனுக்குச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்து லிப்ட் கெட்டுப்போயிருந்தது. சந்திரிகா பஸ்ஸிலிருந்து இறங்கி, சாப்பாட்டுத் தூக்கோடு படி ஏறும்போது, ஐந்தாம் மாடியில் தம்பி பெட்டியை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பின்னால் சலேஹா முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள். "ஏறு தம்பி, இன்னும் நாலு மாடிதான். எங்கயோ கொண்டு போகத் தெரிஞ்சவனுக்குக் கொண்டு வரவும் தெரியணும்லா."

நடந்ததெல்லாம் சந்திரிகாவுக்கு அந்தப் படிக்கட்டிலேயே விளங்கிவிட்டது. பேசாமல் மேலே ஏறினாள். அவளுடைய வாய் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

சலேஹா தண்ணீர் குடித்துவிட்டு, சிநேகிதியின் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள். கதவைச் சாத்தியதும் லோகேஸ்வரனுக்கு ரோஷம் வந்தது. பிறத்தி ஒருத்தி தன்னை மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு வந்ததை ஊரே பார்த்துவிட்டதே.

"ஒரு வெள்ளிதானேக்கா? அத வீசி எறிஞ்சிட்டு வந்தா என்ன? ஊரு கடன்காரின்னுல்ல பேசுது!"

"ஊருக்காக நான் என் சிநேகிதத்த முடிச்சுக்கணுமா?"

"நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. இந்தப் பெட்டி, இந்தப் படிக்கட்டுக் கச்சேரி, இதெல்லாம் வேணாம். திருப்பிக் குடுத்துரு. குடுக்க மாட்டேன்னா..." அவன் சுபாஷினியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "இந்த வீட்டுல ஒண்ணு அந்தப் பெட்டி இருக்கும், இல்ல நான் இருப்பேன்."

சொல்லும்போதே அக்கா பணிந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான். சந்திரிகா சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ இரு தம்பி" என்றாள். "உனக்குத்தான் பொண்ணு கல்யாணம் இருக்கு."

அன்று மாலையே குயின் ஸ்ட்ரீட்டுக்குப் போய், வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்காரரிடம் மேலறையைக் கேட்டு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தாள். சலேஹா வீட்டில் இடம் இல்லையா என்றால், இருந்தது. சலேஹா வாவென்றும் கூப்பிட்டாள். "கூடவே இருந்தா அப்புறம் சனிக்கிழம எங்கேருந்து வர்றது?" என்று இவள்தான் மறுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. லோஷினி அறைக்கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள். "அத்த, என் கல்யாணத்துக்கு வாசிப்பீங்களா?"

"உங்கப்பன் கூப்பிட்டா உள்ள வந்து வாசிப்பேன். கூப்பிடலன்னா வாசல்ல நின்னு வாசிப்பேன். எப்படியும் உனக்குக் கேக்கும். மூக்கச் சிந்து, சாயந்திரம் ஆளு வர்றாங்கல்ல."

துணிப்பை ஒன்று. பெட்டி ஒன்று. வேறு எதுவும் எடுக்கவில்லை. பெட்டியின் வாரை இரண்டு தோளிலும் ஏற்றி மார்போடு இறுக்கினாள். பையை முதுகில் போட்டாள். வாசலில் குனிய முடியாததால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகச் செருப்பில் நுழைத்தாள். சுபாஷினி ஓடிவந்து ஒரு டப்பாவில் சோறு கட்டிப் பைக்குள் வைத்தாள். "அண்ணி" என்றாள். பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

லோகேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளித் தாளை எடுத்து நீட்டினான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "இந்தா. போறதுதான் போறே, கணக்க முடிச்சுட்டாவது போ. நாலு பேரு நல்லா பேசட்டும்."

சந்திரிகா அதை வாங்கினாள். நான்காக மடித்தாள். அவன் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகி, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். "இது உன் கணக்குல வராது தம்பி. அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நீ வேளைக்குச் சாப்பிடு."

எதிர்வீட்டில் நல்லம்மாள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, உதறாமல் நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கைந்து பேர். "எங்க சந்திரிகா, பெட்டியோட?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"கடன் பாக்கி இருக்குல்லக்கா" என்றாள் சந்திரிகா. "ஊருக்கே தெரியுமே. அதான், சத்தமா போலாம்னு."

துருத்தியின் கொக்கியைத் தட்டிவிட்டாள். நெஞ்சு நிமிர்ந்தது. மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது வாசிக்கிற அந்த மெட்டை, கல்யாணமே செய்துகொள்ளாத சந்திரிகா, வலது கை கட்டையில் ஓட, இடது கை பொத்தான் பொத்தானாகத் தாளம் போட, மூலையிலிருந்த சிவப்புப் பொத்தானை மட்டும் தொடாமல், முழுசாக விரித்து வாசித்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டினாள்.